கலப்பா, தனியா?

பாறைப்பட்டிக்குப் பாதை பிரிகிற விலக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். மொபெட் இரண்டு தரம் இருமியது, அப்புறம் நின்றுவிட்டது. ராதாமணி இறங்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே, "வேண்டாம், இன்னைக்கு மட்டும் வேண்டாம்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே பெடலை மிதித்துப் பார்த்தாள். வண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் வண்டி தள்ளுவது என்றால் என்ன என்று தள்ளியவர்களைக் கேட்க வேண்டும். சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவில் மண் ஏறி அடைத்துக்கொள்ளும். குச்சியால் தோண்டி எடுத்துவிட்டுப் பத்தடி போனால் மறுபடி அடைத்துக்கொள்ளும். பின்னால் இரண்டு சாக்கு நிறையத் தீப்பெட்டிக் கூடுகள். ஈரம் பட்டால் பசை விட்டு ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துவிடும். அதனால் பாலிதீன் தாள் சாக்குக்குப் போயிருந்தது. ராதாமணியின் தலை நனைந்துகொண்டுதான் வந்தது.

ஓடை மேட்டில் வெள்ளாடு பத்திக்கொண்டு நின்ற வேலுத்தாய் குரல் கொடுத்தாள்.

"ஏ ராதாமணி, தனியாவா வாரே?"

"இல்ல மதினி, பின்னால எட்டயபுரத்து ராஜா பரிவாரத்தோட வாராரு. நான் முன்னால வந்துட்டேன்."

இந்தத் 'தனியாவா' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். டீக்கடையில் கேட்பார்கள், பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள், கம்மாக்கரையில் குளிக்கிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்பார்கள். கூட யாரும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அப்புறம் எதற்குக் கேள்வி? முப்பது வயது நெருங்கியும் கழுத்தில் தாலி ஏறாததைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

வேலுத்தாய் ஆட்டை விட்டுவிட்டு வந்து பின்னாலிருந்து தள்ளினாள். தள்ளிக்கொண்டே, "பொம்பள ஓட்டுனா வண்டி சூடு தாங்காதுன்னு பேசிக்கிடுதாக. நெசமா?" என்று கேட்டாள். ராதாமணி குனிந்து சக்கரத்து மண்ணைத் தோண்டினாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ராதாமணி வேலை பார்த்தது அழகிரிசாமி முதலாளியின் ஆபீசில். சுற்றுப்பட்டிக் கிராமங்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடி பெட்டி ஒட்டுவார்கள். அவர்களுக்குப் பெட்டிக்கான மெல்லிய மரச் சில்லும் தாளும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒட்டிய பெட்டியை வாங்கி வர வேண்டும். அதற்காக முதலாளி போன சித்திரையில் ஒரு மொபெட் வாங்கினார். ஆம்பளையை அனுப்பினால் பெண்கள் பேச மாட்டேன் என்கிறார்கள், கூலியில் தகராறு வருகிறது என்று, பெட்டி ஒட்டும் பெஞ்சில் இருந்த ராதாமணியை எழுப்பிச் சாவியைக் கையில் கொடுத்தார்.

பெஞ்சில் அவள் பத்து வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறாள். எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், மூக்கில் பசை வாடை, சாயங்காலம் நிமிர முடியாத இடுப்பு. மொபெட்டில் ஏறிய முதல் நாள் எட்டயபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் வானம் தரையைத் தொடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு போனபோது அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். இனிமேல் அந்தச் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

சித்திரையிலிருந்து புரட்டாசி வரை வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. ஐப்பசி பிறந்தது, பிடித்தது சனியன்.

அன்றைக்கு அவள் ஆபீஸ் வந்து சேரும்போது முதலாளியின் மச்சினன், கடற்கரை என்று பெயர், நாற்காலியில் சாய்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். மதுரையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அல்லது வேலை அவனை விட்டுவிட்டு, ஆவணியில் வந்து சேர்ந்தவன். வந்த நாளிலிருந்து அவன் கண் அந்தச் சாவி மேல்தான்.

"நேத்து நான் இதே வண்டியில கயத்தாறு போய்ட்டு வந்தேம்லா, மத்தியானத்துக்குள்ள திரும்பிட்டேன். எங்கயாச்சும் நின்னுச்சா? வண்டிக்கு ஆளு தெரியும் அத்தான்" என்றான்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"ராதாமணி, ஒன்னத் தப்பு சொல்லல. இன்னொரு தடவ நடுவழியில நின்னுச்சுன்னா சாவியக் கடற்கரைட்ட குடுத்துரு. நீ பழையபடி பெஞ்சுக்கு வந்துரு. சம்பளம் குறையாது."

"சம்பளத்த யாரு கேட்டா முதலாளி? வண்டிக்கு என்ன கேடுன்னு கண்டுபிடிக்காம நான் பெஞ்சுக்கு வர மாட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் முதலாளியிடம் குரலை உயர்த்திவிட்டது தெரிந்தது. உயர்த்தியது உயர்த்தியதுதான் என்று நின்றாள்.

மெக்கானிக், கார்புரேட்டரில் தண்ணீர் என்றார். சரி, மழைத்தண்ணீர் என்று டேங்க் மூடியைச் சுற்றி ரப்பர் துணி கட்டிப் பார்த்தாயிற்று. பிளக்கை மாற்றியாயிற்று. கடற்கரை ஓட்டிய அன்றைக்கும் மழைதான், அவனுக்கு மட்டும் எப்படி நிற்காமல் போனது? அவன் போனது கயத்தாறு, தார் ரோடு. பெட்ரோல் போட்டது கோவில்பட்டி பங்க்கில். அவள் போடுவது அரை வழியில், பாறைப்பட்டி விலக்கில், சங்கிலிப்பாண்டி கடையில். காலையில் பங்க்கில் கொஞ்சம் போட்டுக்கொள், மிச்சத்தை விலக்கில் போடு என்று முதலாளிதான் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே விலை குறைவு. "ரோட்டோரத்துல அவனுக்கு வாடகையா, கரண்டா? அதான் சீப்பாக் குடுக்கான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. ராதாமணி மொபெட்டை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, டேங்க்கில் கிடந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இறக்கினாள். சற்று நேரம் அசையாமல் வைத்தாள். மேலே பெட்ரோல் நிறமாக நின்றது. அடியில் வெளிறிப்போய் வேறொன்று பிரிந்து தங்கியிருந்தது.

மெக்கானிக் சொன்ன தண்ணீர் இதுதான் போல என்று நினைத்தாள். ஆனால் தீப்பெட்டி ஆபீஸ்காரிக்கு எதையும் கொளுத்திப் பார்க்காமல் மனசு ஆறாது. மேலே நின்ற பெட்ரோலைப் பத்திரமாக வேறு டப்பாவில் ஊற்றித் தள்ளி வைத்துவிட்டு, அடியில் கிடந்ததில் ஒரு மூடி எடுத்துத் தரையில் ஊற்றிக் குச்சியைக் கிழித்துப் போட்டாள்.

தண்ணீர் என்றால் குச்சி அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தது. புகை இல்லை, கரி இல்லை, வெயிலில் இருக்கிற இடமே தெரியாத நீல ஜுவாலை.

"ஏட்டி! வீட்டக் கொளுத்தப் போறியா?" என்று அவள் அம்மா ஆறுமுகத்தாய் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, இது ஸ்பிரிட்டு! காஸ் லைட் பத்த வைக்கிற ஸ்பிரிட்டு!"

ஆபீசில் கரண்டு போனால் பெட்ரோமாக்ஸ் காஸ் லைட் ஏற்றுவது பத்து வருஷமாக அவள் பொறுப்பு. முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். அந்த நீலத்தை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இறங்கினாலும் போதும், ஸ்பிரிட் அதோடு சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காருகிறது. இஞ்சினுக்குக் குழாய் போவதும் அடியிலிருந்துதான். வெயில் காலம் முழுக்க ஓடியது ஏன், மழை வந்ததும் நின்றது ஏன் என்று எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் கூடுதலாக வந்தது.

மறுநாள் காலை அந்தப் பாட்டிலோடு விலக்கில் போய் இறங்கினாள்.

"அண்ணாச்சி, நல்லா இருப்பீங்களா? பெட்ரோல்ல ஸ்பிரிட்டக் கலந்து ஊத்துதீங்களே, ஒங்களுக்கு நான் என்ன கேடு செஞ்சேன்?"

சங்கிலிப்பாண்டி பயந்த மாதிரித் தெரியவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கலக்கத்தான் செய்யுதேன். நீங்கதான கேட்டீங்க?" என்றார்.

"நானா?"

"என்னம்மா இது! ஒவ்வொரு தடவையும் கலப்பா தனியான்னு கேட்டுட்டுத்தான ஊத்துதேன்? நீங்க ஒருநாளாச்சும் தனின்னு சொல்லியிருக்கீங்களா? கலப்பு, கலப்பு, கலப்புதான் அண்ணாச்சின்னு அடிச்சுச் சொல்லுவீங்களே!"

கடைக்குள் இரண்டு கேன் இருந்தது. ஒன்று தனிப் பெட்ரோல். இன்னொன்று ஸ்பிரிட் சேர்த்தது, விலை குறைவு. அதுதான் அவர் கணக்கில் கலப்பு. ராதாமணிக்கு இப்போதுதான் உறைத்தது. வண்டி வந்த அன்றைக்கு மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார்: "தனிப் பெட்ரோல் ஊத்திராதீங்க, இஞ்சின் பிடிச்சுக்கிடும். ஆயில் கலந்ததுதான் ஊத்தணும். கலப்புன்னு கேட்டு வாங்குங்க." அவளும் பாடம் மாதிரி ஒப்பித்து வந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, நான் சொன்னது ஆயில் கலப்பு!"

"ஆயில் எதுக்குக் கேக்கணும்? மொபெட்டுன்னா ஒரு மூடி ஆயில் நானே ஊத்துவம்லா. அதக் கலப்புன்னா சொல்லுவாக?"

அவரை அடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தனிப் பெட்ரோல் கேனிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி, அங்கேயே தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பார்த்தாள். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய அளவில் அடியில் நின்றது. கலப்பில் குலுக்கியபோது ஸ்பிரிட்டும் சேர்ந்துகொண்டு அடித்தண்ணீரின் மட்டம் ஏறியது.

ஆபீசில் இதைச் சொன்னபோது கடற்கரை விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் விலையைப் பிடித்துக்கொண்டார். "தனிக்கு எம்புட்டு கூடுதல் தெரியுமா? அதே பெட்ரோல்லதான ஆறு மாசம் ஓட்டுன?"

"வெயில்ல ஓடுச்சு. மழைக்கு ஆகாது முதலாளி."

"நாளைக்கு நான் போறேன் அத்தான்" என்றான் கடற்கரை. "அதே லைன், அதே கடை. நிக்காம வந்தா சாவி எனக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நிக்காம வந்துட்டான்னா நீ பெஞ்சுக்குப் போயிரணும், ராதாமணி. அப்புறம் பேச்சுக் கிடையாது."

மறுநாள் வானம் காலையிலேயே இருண்டுகொண்டு வந்தது. கடற்கரை கிளம்பும்போது ராதாமணி வாசலுக்கு வந்தாள். பேசாமல் இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஜெயிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லி ஜெயிக்க வேண்டும்.

"இந்தாங்க, விலக்குல தனின்னு கேளுங்க. ஆயில் அவரே ஊத்துவாரு. கலப்புன்னு சொல்லிராதீங்க."

"எனக்கு நீ சொல்லிக் குடுக்கியா?" என்று அவன் கிளம்பிப் போனான்.

மத்தியானம் மழை பிடித்தது. ஓட்டின் மேல் அது விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ராதாமணி பழைய பெஞ்சில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். எதிரே அதே சுவர். ரோட்டில் ஒவ்வொரு மொபெட் சத்தத்துக்கும் கை நின்றது. அவன் ஒருவேளை தனி என்று கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் வண்டி நிற்காது. சாவி போய்விடும். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது.

சாயங்காலம் ஓட்டப்பிடாரம் பஸ்ஸிலிருந்து கடற்கரை இறங்கி வந்தான். முழங்கால் வரை கரிசல். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் சாவி. அவன் தலையில் ஒரு பாலிதீன் தாள் இருந்தது. சாக்கின் மேல் இருக்க வேண்டிய தாள்.

"சாக்கு எங்க?" என்றாள்.

சாக்கு வண்டியோடு ஓடை மேட்டில், மழையில் கிடந்தது.

முதலாளி சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உடனே காரை எடுக்கச் சொன்னார். ராதாமணியையும் ஏற்றிக்கொண்டார். வேலுத்தாய் வண்டிக்குக் காவல் மாதிரி குடையோடு நின்றுகொண்டிருந்தாள். முதலாளி சாக்கை அவிழ்த்துக் கையை விட்டார். ஊர் முழுக்கப் பெண்கள் ஒட்டிய பெட்டி அத்தனையும் கூழாகக் கையோடு வந்தது. அவர் அதை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"தனிக்கு விலை கூடுதல்தான் முதலாளி" என்றாள் ராதாமணி. 

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

அவள் அங்கேயே டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்தாள். வேலுத்தாயும் அவளுமாக விலக்கு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். சங்கிலிப்பாண்டி புனலை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார்.

"நான் என்ன செய்வேன்மா? ஒங்க ஆபீஸ்ல இருந்து இன்னைக்கு வந்தவியகிட்டயும் கேட்டேன். 'அந்தப் பொம்பள தனின்னு சொல்லிச்சு, அப்ப எனக்குக் கலப்பு ஊத்தும்'னாக." புனலைத் துடைத்துக்கொண்டார். கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், தானாகவே கேட்டது: "கலப்பா, தனியா?"

வேலுத்தாய் ராதாமணியின் முகத்தைப் பார்த்தாள். ராதாமணி சீட்டில் ஒட்டியிருந்த கரிசலை முந்தானையால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"தனிதான் அண்ணாச்சி" என்றாள். "இனிமே எந்நேரமும் தனிதான். கேக்கவே வேண்டாம்."