இடக்கைக்கு ஒரு கத்தி

பாத்திரக் கடை மேசைமேல் முழு ரொட்டியை எடுத்து வைத்தாள். துண்டு போட்டதே பேக்கரியில் கிடைக்குமே என்றாள் கடைக்காரம்மா.

"கிடைக்கும். நான் திங்கவா வந்தேன்? வெட்ட வந்தேன்" என்றாள் இவள்.

தகர மூடி அடிக்கும் மெஷின் அவள் வலக்கையில் மூன்று விரல்களைத் தின்றுவிட்டது. மிச்சமிருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரு பொருளை அமுக்கிப் பிடிக்கும், அதோடு சரி. புருஷன் மூட்டை தூக்குகிறவன். விடியுமுன் கிளம்பும்போதே அவளுக்கு ரொட்டியை வெட்டி, தட்டால் மூடி வைத்துவிட்டுப் போவான். செங்கல் கனத்துக்கு வெட்டுவான். அவள் தின்ன உட்காரும்போது அது செங்கல்லாகவே ஆகியிருக்கும். நல்ல மனுஷன் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. தன் ரொட்டியைத் தானே வெட்டித் தின்னவேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை அவள்.

கூட வந்திருந்த புருஷன் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது பட்டையான பெரிய கத்தி. ஆட்டையே கூறு போடலாம் போலிருந்தது. இடக்கையால் அழுத்தினாள். ரொட்டி மிதிபட்ட தலையணைபோல் நசுங்கியது. அடுத்து, பல் வைத்த கத்தி. ரம்பம்போல் இழுத்தாள். சுகமாக இறங்கியது; ஆனால் நேராக இறங்காமல் ஒரே பக்கமாக ஒதுங்கிப் போனது. துண்டு மேலே காகிதமாகவும் கீழே கட்டையாகவும் விழுந்தது. இன்னொன்று வெட்டினாள். அதுவும் அப்படியே.

கத்தியை வைத்துவிட்டாள். "இந்தக் கை தேறாது."

விடு, நானே வெட்டித் தர்றேன் என்றான் அவன். அந்த இரக்கம்தான் அவளைச் சீண்டியது.

"எங்க, நீ இடது கையால வெட்டு பாக்கலாம்."

மூட்டை தூக்கிய கை, நடுங்கவில்லை. ஆனாலும் அவன் துண்டும் அதே பக்கம் சாய்ந்து, அதே கோணலில் விழுந்தது. அவள் கத்தியைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். பல்லை ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டியிருந்தார்கள், மறுபக்கம் தட்டை. வலக்கைக்காரர்களுக்குச் செய்த சாமான்.

"என் கை மேல பழி போட்டேனே, பாவி" என்று சிரிக்க ஆரம்பித்தாள். கடைக்காரம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. இத்தனை வருஷம் விற்கிறேன், பல்லைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டே பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தாள். இரண்டு பக்கமும் சரித்த பல்லோடு ஒன்று அடியிலிருந்து வந்தது. மரப்பிடி, பார்க்க லட்சணமில்லை.

வலக்கையின் இரண்டு விரலால் ரொட்டியை அணைத்துக்கொண்டு இழுத்தாள். அவன் பழக்கதோஷத்தில் ரொட்டியைப் பிடிக்கப் போனான்.

"கையை எடுய்யா."

துண்டு நேராக விழுந்தது. அடுத்ததும். கடைக்காரம்மாவுக்கு ஒன்று, கத்தி வாங்காமல் வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஆளுக்கொன்று, புருஷன் வாய்க்குள் ஒன்று. ரொட்டி தீர்ந்துபோனது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. வாய் நிறைய ரொட்டியோடு, கடை வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டாமல், வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டு எதிர்ப்புற பேக்கரிக்கு ஓடிக்கொண்டிருந்தான்.