வயிற்றுவலிக் கட்டில்

பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் வயிற்றுவலிக் கட்டில். குடித்து விழுந்து வரும் பெண்களை அங்கே படுக்கவைத்துத் திரையை இழுத்துவிடுவார்கள். யார் கேட்டாலும் வயிற்றுவலி. டாக்டர் காதில் மட்டும் உண்மையைப் போடுவார்கள். மானம் காக்கிறார்களாம்! இந்த வழக்கத்தைத் தொடங்கியதே பெரிய சிஸ்டர்தான். இன்று அதில் அவளே கிடந்தாள்.

நேற்றுக் காலை மருந்து அறையில் மயங்கிச் சரிந்தவளைச் சின்ன சிஸ்டர்தான் தாங்கிப் பிடித்தாள். வாடை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"கவலைப்படாதீங்கக்கா. உயிரே போனாலும் டாக்டர்கிட்டகூடச் சொல்லமாட்டேன்."

போகப்போவது யார் உயிர் என்று அந்தப் பைத்தியக்காரி யோசிக்கவில்லை.

போன மாதம் எக்ஸ்ரே எடுப்பவரும் இதே குடியால்தான் மாடி வார்டில் படுத்தார். ஒரே திருவிழாக் கூட்டம். "என்னண்ணே, கடையையே காலி பண்ணிட்டீங்களாமே?" என்று கேலி வேறு. மனைவி பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டினாள். பெரிய சிஸ்டரும் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் வந்தாள். இப்போது அவளைப் பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

கணவன் போனில் பேசினான். "நீ ட்ரெயினிங் போயிருக்கறதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நான் அங்க வந்தா சந்தேகப்படுவாங்க." நல்ல மனுஷன்!

கை நடுங்க ஆரம்பித்திருந்தது. குடி சட்டென்று நின்றால் நடுக்கம் வரும், அப்புறம் வலிப்பு வரும், கவனிக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! வாயைத் திறந்தால் இடுப்பில் தொங்கும் மருந்து அலமாரிச் சாவி போய்விடும். திறக்காவிட்டால் அவளே போய்விடுவாள்.

டாக்டர் ஒரு பட்டாளத்தோடு வந்தார். "வயித்துவலி எப்படி இருக்கு சிஸ்டர்?"

சின்ன சிஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எனக்கு வயித்துவலி இல்ல டாக்டர். நான் குடிப்பேன். நேத்தோட நின்னுபோச்சு. வலிப்பு வர்றதுக்குள்ள மருந்து போடுங்க."

பின்னால் நின்ற ஒருவன், "பொம்பளையா இது!" என்று முணுமுணுத்தான். எக்ஸ்ரே எடுப்பவரின் கட்டிலருகே விழுந்து விழுந்து சிரித்தவனும் அவனேதான். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமலே ஊசியின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். சாவியை அவளே அவிழ்த்துச் சின்ன சிஸ்டரின் கையில் வைத்தாள். சின்னவள் அழுதுகொண்டே திரையை இழுத்துவிட்டு ஊசி எடுக்க ஓடினாள்.

இத்தனை வருஷம் சுற்றிலும் ஆள் இருந்த வார்டில் அவள் அநாதையாகக் கிடந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம், அடுத்த கட்டிலிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா... நானும் வயித்துவலின்னு சொல்லித்தான் சேர்ந்தேன். அந்த டாக்டருக்கே தெரியாது. எனக்கும் கை நடுங்குது."

பெரிய சிஸ்டர் எட்டித் திரையைப் பிடித்து இழுத்துத் திறந்தாள்.

"அவர் இன்னும் வாசலைத் தாண்டலம்மா. சத்தமா கூப்பிடு."