சூடு ஆறக்கூடாது

எங்கள் வேன் போன வாரம் புகைப் பரிசோதனையில் தோற்றது. தோற்ற விதமும் கௌரவமாக இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் கிளம்பிய கரும்புகையில், பின்னால் நின்று குழாய் செருகிக்கொண்டிருந்த ஆள் கொஞ்ச நேரம் காணாமல் போனார். இன்னொரு தடவை பார்ப்போம், அதிலும் தேறாவிட்டால் உடைக்கத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொடுக்கலாம்தான். ஆனால் அந்த வேனை நம்பித்தான் என் அக்கா இருக்கிறாள். சக்கர நாற்காலியில் இருப்பவள். ஊரின் மறுகோடியில் ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறாள். நாற்காலியோடு ஏற, பின்கதவில் சாய்பலகை வைத்த வண்டி இது ஒன்றுதான். பஸ் டிரைவர்கள் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கப் பழகிவிட்டார்கள். வேறு வேன் வாங்க எங்களுக்கு வக்கில்லை. தோற்ற வண்டியை ரோட்டில் விடக்கூடாது என்பதால் ஒரு வாரமாக வீட்டிலேயே கிடந்தாள். பீரோவில் மடித்து வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். பொழுது போகாமல் அத்தானின் சட்டைகளை எல்லாம் பிரித்து அளவாகத் தைத்துவிட்டாள். அவரால் இப்போது சாப்பிட்டுவிட்டு உட்கார முடியவில்லை.

எங்கள் மெக்கானிக்குக்குப் ‘பார்க்கலாம்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். வாரம் முழுக்க வேனுக்கு அடியிலேயே குடியிருந்து, இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றினார். தேறுமா என்று கேட்டோம். பார்க்கலாம் என்றார். டீசல் இன்ஜின் சூடாக இருந்தால்தான் புகை குறையுமாம்.

“நல்லா விரட்டிட்டுப் போங்க. சூடு ஆறாம கொண்டு போய் நிறுத்தணும், அவ்வளவுதான்.”

இதை அத்தானும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் வினை. யார் எதைச் சொன்னாலும் அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிற மனிதர் அவர்.

நானும் வருவேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்து ஏறிக்கொண்டாள். புறவழிச் சாலையில் கியரைக் குறைத்து, வேன் அலற அலற ஓட்டினேன். பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பலகை: வரிசையில் நிற்கும் வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட வேண்டும், புகை வருகிறது. அணைத்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி கிளம்ப மனமில்லாமல் நின்றது.

என்னதான் தகராறு என்று பார்க்க லாரிப் பக்கம் போனேன். அத்தான் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வருவதற்குள் அக்காவின் மடியிலிருந்த கம்பளியை வாங்கி, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பாந்தமாகப் போர்த்தி மூடியிருந்தார். இனி ஆறாது என்று எனக்குத் தைரியமும் சொன்னார். ஆறத்தான் இல்லை. முன்பக்கமாகப் புகைய ஆரம்பித்தது.

பரிசோதகர் நிதானமாக நடந்து வந்தார். பானெட்டைத் திறந்தார். கருகிய கம்பளியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன?”

“போர்வைங்க,” என்றார் அத்தான்.

“போர்வைக்கு இவ்வளவுதான் புகை இருக்கலாம்னு எங்ககிட்ட கணக்கு ஒண்ணும் இல்ல,” என்று அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார். வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, பின்னால் இருப்பவரை இறங்கச் சொல்லுங்கள் என்றார்.

“இறங்கி நடக்க முடிஞ்சா இந்த வண்டியே எனக்கு வேண்டாமே,” என்றாள் அக்கா. அவர் ஒரு கணம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறினார்.

நான் பின்கதவருகே நின்றேன். கம்பளி போனதால் அவள் கைகள் வெளியே தெரிந்தன. நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்திருந்தன. என்னை ஒரு வாங்கு வாங்காமல் அவள் காலையில் காபிகூடக் குடிக்கமாட்டாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

வேன் உறுமியது. அந்தச் சத்தத்தில் அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“ஃபெயில்னு சொன்னாங்கன்னா நேரா வீட்டுக்குக் கொண்டு போயிடாதேடா. கொஞ்சம் சுத்திட்டுப் போ. உள்ளே போனா அப்புறம் நான் எப்ப வெளியே வருவேனோ.”

சரி என்றேன்.

இன்ஜின் நின்றது. பரிசோதகர் மெஷினையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷின் மேல்தான் அவருக்குச் சந்தேகம் போலிருந்தது. இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, பாஸ் என்றார். அடுத்த வருஷம் கம்பளி இல்லாமல் வரச் சொன்னார்.

அத்தான் அங்கேயே நின்று அழுதார். அழுத வேகத்தில் சட்டையில் ஒரு பட்டன் தெறித்தது. அக்கா அவரை வேனில் ஏறச் சொன்னாள், தையல் கூடத்தில் வேலை குவிந்து கிடக்கும் என்றாள்.

அங்கே போக நேர் வழி இருக்கிறது. நான் ஏரிக்கரைப் பக்கம் திருப்பினேன்.

“டேய், இது வழி இல்லையே,” என்றார் அத்தான்.

“சும்மா இருங்க,” என்றாள் அக்கா. “அவன் ஓட்டட்டும்.”