கன்னையா வீட்டுக்கு வந்த இரண்டு புரொஜெக்டர்கள்

என் வீட்டுக்காரர் கன்னையாவுக்குச் சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. இருக்கிற ஒரே வியாதி புரொஜெக்டர். புளத்கொகுபிட்டிய கடைத்தெருவில் ஆணியும் பெயின்டும் விற்கிற மனிதருக்கு வீட்டுக்குள் தியேட்டர் எதற்கு என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. முன்அறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு புரொஜெக்டர் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரத்தெட்டில், வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் என் அண்ணன் தம்பையா 'ஃபுல் எச்டி' புரொஜெக்டர் ஒன்று வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் படம் இவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சுவரருகே போய் நின்று, கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவார். சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு யார் படம் பார்ப்பார்கள்? மச்சானுக்கு மேலே ஒரு படி நிற்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

வேண்டவே வேண்டாம் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அப்போதுதான் மனிதர் வேறு வழியில் வந்தார்.

"உங்கப்பா மொகம் தெளிவா தெரியும் புஷ்பம்" என்றார்.

எங்கள் அப்பா நாகலிங்கம் கித்துல்கலப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். என் கல்யாணம் முடிந்த மறுவருடமே போய்விட்டார். அவர் படம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் கணக்கப்பிள்ளை ஏச வருவதற்குக் காத்திருப்பவர் போல விறைத்திருப்பார். அப்பா அப்படிப்பட்ட ஆளே இல்லை. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எப்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருப்பது எங்கள் கல்யாண வீடியோவில் மட்டும்தான். பந்தலின் கடைசியில், வெற்றிலைத் தட்டோடு ஒரு கணம் திரும்பிச் சிரிப்பார். டீவியில் பார்த்தால் மிளகு அளவு தெரியும். சுவரில் பார்த்தால் கலங்கிப் போயிருக்கும். அந்த முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு எத்தனையோ வருட ஆசை. அது தெரிந்துதான் இவர் தூண்டில் போட்டார். தெரிந்துதான் நானும் கடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் இந்தச் சாமான் விற்கிற பாறூக் இரண்டு மெஷின்களை வேனில் கொண்டுவந்தார். இரண்டையும் போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வது, மற்றது திரும்பிப் போவது என்று பேச்சு. ஒன்று, இவர் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்துத் தேர்ந்தெடுத்தது. மற்றது, அண்ணன் வீட்டில் இருக்கிற அதே மாடல். தீர்ப்புச் சொல்ல அண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். என்ன தீர்ப்பு வரும் என்று எனக்கு முதலே தெரியும்.

கடையில் தேயிலை நர்சரிக்கு விற்கிற கறுப்புப் பொலித்தீனை ஜன்னல்களில் அடித்து, இவர் பட்டப்பகலை இருட்டாக்கியிருந்தார். உள்ளே மூன்று ஆண்களும் அவிந்துகொண்டிருந்தார்கள்.

புது மெஷின் வீட்டுக்குள் வந்தால், லொறியோ கிரைண்டரோ, திருநீறு பூசாமல் முடுக்குவது எங்கள் வழக்கமில்லை. பாறூக் வேனுக்குப் போன நேரம் பார்த்து, விளக்கேற்றிய எண்ணெய்க் கையோடு திருநீற்றைத் தொட்டுக்கொண்டு இவருடைய மெஷினில் நெற்றியைத் தேடினேன். உடம்பெல்லாம் காற்றுப் போக ஓட்டை. வட்டமாய், வழுவழுப்பாய் முன்னால் இருந்தது ஒரே இடம்தான். அதில் மூன்று கோடு இழுத்தேன். இவர் பதறிப்போய், பாறூக்குக்குத் தெரியுமுன் உடுத்திருந்த சாரத்து நுனியால் அந்தக் கண்ணாடியைத் தேய் தேயென்று தேய்த்தார். கோடு போய்விட்டது. மற்ற மெஷினுக்கும் பூசப் போன என்னிடமிருந்து தட்டைப் பறித்து உள்ளே வைத்துவிட்டார்.

முதலில் பாறூக் கொண்டுவந்த மீன் பட டிஸ்க்கைப் போட்டார்கள். அண்ணன் கட்சி மெஷினில் மீனின் செதிலை எண்ணலாம். எங்கள் மெஷினில் அதே மீன் பால் கலந்த தண்ணீரில் நீந்தியது. கித்துல்கலவில் விடிகாலையில் பனி மூடினது போல இருக்கிறதே என்று அண்ணன் கேட்டார். இவர் விடுவாரா? அது பனியில்லை, சினிமாத் தன்மை என்றார். கூர்மை கூடினால் கண் களைக்கும் என்றார். கறுப்பின் ஆழத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தால் சிங்களம் வந்துவிடும். "பொரு, ஒக்கோம பொரு" என்று எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளினார். பாறூக் இரண்டு பக்கமும் தலையாட்டினார். எது விற்றாலும் அவருக்கு வியாபாரம்தானே.

மீனைப் பார்க்கவா நான் சம்மதித்தேன்? கல்யாண டிஸ்க்கைப் போடச் சொன்னேன். அது பழைய கேசட்டிலிருந்து எடுத்தது, அதில் இல்லாததை மெஷின் எங்கிருந்து கொண்டுவரும் என்று பாறூக் முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை.

அண்ணன் கட்சி மெஷினில் சுவர் நிறையப் பந்தல் வந்தது. அப்பா திரும்பினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் கறுப்புமாய்ச் சதுரங்கள், பாத்ரூம் டைல் போல. நல்ல மெஷின்தான், ஒவ்வொரு டைலையும் ஓரம் பிசகாமல் காட்டியது. எனக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று.

இவர் டிஸ்க்கைத் தன் மெஷினுக்கு மாற்றினார். அதே பந்தல், அதே வெற்றிலைத் தட்டு. ஆனால் அந்தப் பால் மூட்டம் சதுரங்களின் ஓரத்தையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. நடுவில் அப்பா நின்றார். கோணல் வாய், சுருங்கிய கண், எல்லாம் அவரேதான்.

"நிப்பாட்டுங்க" என்றேன். அப்பா சுவரில் சிரித்தபடி நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். சினிமாத் தன்மை என்று இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

பாறூக்கின் கை சும்மா இருந்திருக்கலாம். எங்கேயோ மங்கலடிக்கிறது என்று டார்ச்சை அடித்துப் பார்த்து, "மொதலாளி, லென்ஸ்ல எண்ணெ அப்பிக் கெடக்கு" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் அவர் பையிலிருந்து துணியை எடுத்துப் பளிச்சென்று துடைத்தும்விட்டார். சுவரில் அப்பா போய் டைல் வந்தது.

இப்போது எப்படி என்று பாறூக் பெருமையாகக் கேட்டார். இவருடைய சினிமாத் தன்மை அந்தத் துணியோடு போயிருந்தது. வேறு வழியில்லாமல் நான் திருநீறு கதையைச் சொன்னேன். வரக்காப்பொல முழுக்க இனி இதுதான் பேச்சு என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புஷ்பம், அந்தத் திருநீத்துத் தட்ட எடுத்தா. எண்ணெயும் கொண்டா" என்றார்.

பாறூக் வாரண்டி என்று வாயெடுத்தார். இவர் அவரைத் தேத்தண்ணி குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் எங்கள் மெஷின் லென்ஸில் மூன்று கோடு இழுத்து, சட்டைப்பையில் இருந்த லேஞ்சித் துணியால் பதமாகத் தேய்த்தார். அப்பா திரும்பி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போகும்போது அண்ணன் அந்த டிஸ்க்கில் ஒரு கொப்பியும் ஒரு பொட்டலம் திருநீறும் கேட்டார். வரக்காப்பொலயில் திருநீறு கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை. கட்டிக் கொடுத்தேன்.