ரொட்டிக் கத்தியால் நறுக்கிய வெங்காயம்

நான் கத்தி விற்கிறவன். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிற ரகம் இல்லை. பல மாடிக் கடை ஒன்றின் பாத்திரப் பிரிவில், நகரும் படிக்கட்டு வந்து முடிகிற இடத்தில் மேசை போட்டு, காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துத் தக்காளி நறுக்கிக் காட்டுகிற ரகம். குழந்தைக்குச் சட்டை எடுக்க மேலே போகிறவர்களைக் கத்தியோடு கீழே இறங்க வைப்பதுதான் என் உத்தியோகம்.

"வாங்கம்மா, வாங்கய்யா, பார்க்கக் காசில்ல! இது பெரிய கத்தி. பயப்படாதீங்க, பயப்பட வேண்டியது உங்க வீட்டுக்காரர்தான். வெங்காயம், கோஸ், கேரட், கறி, எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும். நுனி பலகையை விட்டு எழும்பக் கூடாது, பின்பக்கம் மட்டும் ஏறி ஏறி இறங்கணும். இது சின்னக் கத்தி. உருளைக்கிழங்குத் தோலு, பூண்டு, ஆப்பிள்ல அடிபட்ட இடம். இது வெட்டுக்கத்தி. எலும்புக்கும் பூசணிக்காய்க்கும். இதுக்கு அறிவு வேணாம், கனம் இருந்தாப் போதும், எங்க மேனேஜர் மாதிரி. இது வளையுது பாருங்க, மீனுக்கு. முள்ளை ஒட்டிக்கிட்டே போயி சதையை மட்டும் கழட்டிக்கிட்டு வரும். இது பல்லு வெச்சது, ரொட்டிக் கத்தி. அழுத்தாதீங்க, சும்மா இழுங்க, பல்லு பார்த்துக்கும்."

கூட்டம் சிரிக்கும். முன்வரிசையில் தினமும் ஒரு பெரியவர் நிற்பார். நறுக்கிய வெள்ளரித் துண்டுகளைச் சாப்பிடுவதற்காகவே வருகிறவர். எங்கள் தளத்தில் அவருக்கு வெள்ளரிக்காய் என்றே பெயர். இதுவரை ஒரு கத்தி வாங்கியதில்லை. ஆனால் உப்பு குறைவாக இருந்தால் மட்டும் சொல்லிவிடுவார்.

இப்படியெல்லாம் வாய் கிழியப் பேசுகிற எனக்கு ஒரு வெங்காயத்தை ஒழுங்காக நறுக்கத் தெரியாது என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் நிஜமான கை அவளுடையது. ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காய் வெட்டும் மேசைக்கு அவள்தான் தலை. மதியச் சாப்பாட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவளும் அவள் கூட்டாளிகளும் வெட்டித் தள்ள வேண்டும்.

"ஒரு தக்காளியை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசுறீங்க. அதுக்குள்ள நான் ஒரு மூட்டையை முடிச்சிருப்பேன்" என்பாள்.

"நீ முடிச்சா அது சாப்பாடு. நான் முடிச்சா அது வியாபாரம்."

"ஆமா, பெரிய வியாபாரம். அந்த வெள்ளரிக்காய்ப் பெரியவர் வாங்கிட்டாரா?"

அந்தக் கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுகிறவர்கள் அவரவர் கத்திகளைத்தான் கொண்டுபோக வேண்டும், ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடக் கூடாது. என் மனைவி தன்னுடையவற்றைப் பைகள் தைத்த ஒரு தடித்த துணியில் செருகி, பாய் மாதிரிச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும் அன்று எடுத்தவற்றை மட்டும் கழுவி ஜன்னலோரம் காயப் போடுவாள். நான் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். வெட்டுக்கத்தி ஈரமாக இருந்தால் பூசணிக்காய். வளைகிற கத்தி ஈரமாக இருந்தால் மீன். "இன்னைக்கு மீனு போலிருக்கே" என்பேன். "இந்த மூக்குக்குப் போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் நீங்க" என்பாள். இப்படி ஒரு சின்னச் சந்தோஷம்.

முதலில் வெட்டுக்கத்தி ஜன்னலுக்கு வருவது நின்றது. பூசணிக்காய் விலை ஏறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மீன் கத்தி. எனக்கென்ன, கேன்டீனில் மீனே போடாவிட்டால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கவா தெரியாது? கடைசியில் ஒரு நாள் பெரிய கத்தி வரவில்லை. துணிச் சுருளை விரித்துப் பார்த்தேன். காய்ந்து போய் அதன் பைக்குள்ளேயே இருந்தது. ஜன்னலோரம் ரொட்டிக் கத்தி மட்டும் கிடந்தது. அதன் பல் இடுக்கில் வெங்காயச் சருகு.

வெட்டும் மேசைக்குத் தலையாக நிற்கிறவள் ரொட்டிக் கத்தியால் வெங்காயம் நறுக்குவது, தையற்காரர் சட்டையை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பது மாதிரி. பல் வைத்த கத்திக்கு அழுத்தம் வேண்டாம், பிடி வேண்டாம், இழுத்தால் போதும். ரொட்டிக்கு அது சரி. வெங்காயத்தை அது கடித்துத் துப்பிவிடும்.

"என்ன, வெங்காயத்தை ரொட்டின்னு நெனச்சுட்டியா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "பெரிய கத்தி மழுங்கிடுச்சு" என்றாள்.

இதைவிட எனக்குப் பிடித்த பதிலை அவளால் சொல்லியிருக்க முடியாது. மழுங்கிவிட்டதா, இதோ நானிருக்கிறேன். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்குப் பின்னால் சாணை பிடிக்கிறவரிடம் போனேன். அவர் ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை மேலே வைத்தார். காகிதம் இரண்டாகி விழுந்தது.

"இதுக்கு என்னய்யா குறைச்சல்?"

"மழுங்கிடுச்சுன்னு வீட்ல சொன்னாங்கண்ணே."

"வீட்ல வேற என்னமோ மழுங்கியிருக்கும், போய்ப் பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் என்று சொன்னேன். கத்தி விற்கிறவனுக்கு உலகத்தில் என்ன கோளாறு வந்தாலும் அது கத்தியில்தான் இருக்கும்.

விடுமுறை நாளன்று அவள் அந்தக் கத்தியால் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து மேனேஜரின் புது விக் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே நறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த கோஸ் ஓரிடத்தில் இளஞ்சிவப்பாக விழத் தொடங்கியது. கோஸில் இப்படி ஒரு ரகம் உண்டே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

"கை! கையைப் பாரு!"

அவள் என் முகத்தைப் பார்த்து, "என்ன?" என்றாள். கத்தி இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ரத்தம்!"

குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் கையை உதறினாள். உதறிய பிறகுதான், ஏதோ ஞாபகம் வந்தது போல, "ஸ்ஸ்" என்றாள்.

விரலில் துணியைச் சுற்றிவிட்டேன். ஆழமான வெட்டு. "வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்காம?" என்றாள். அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. நாளெல்லாம் மைக்கில் பேசிச் சம்பாதிக்கிற வாய், "இந்தக் கோஸைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றது. "ம், போட்டுடுங்க" என்றாள். போட்டுவிட்டு வந்து இருவரும் ரொட்டி சாப்பிட்டோம்.

அவளுக்கு அந்த மேசை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் என்றாலும் போவாள். புதிதாக வருகிற பெண்கள் அவள் கையைப் பார்த்துத்தான் வேகம் பிடிப்பார்கள். விரலுக்கு என்ன ஆச்சு என்று நான் வாய்விட்டுக் கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மேசை இல்லை. அதனால் கேட்கவில்லை. அதற்குப் பதில் கடையிலிருந்து ஒரு ரப்பர் கைப்பிடிக் கத்தியைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தேன். அப்புறம் எடையே இல்லாத இன்னொன்று. அவளும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டும் இழுப்பறைக்குள் போய்விட்டன.

பிறகு ஒரு மதியம் கடையில் நல்ல கூட்டம். நான் மீன் கத்தியை வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளரிக்காய்ப் பெரியவரின் தோளுக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். கேன்டீனில் பந்தி நடக்கிற நேரம் அது. கக்கத்தில் துணிச் சுருள். நான் பேசுவதைப் பார்க்க அவள் ஒரு நாளும் வந்ததில்லை. வீட்டில் ஓசியில் கிடைப்பதற்கு எதற்கு பஸ் ஏறி வர வேண்டும் என்பாள்.

அவள் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

சார்! கட்டின புருஷனைச் சார் என்கிறாள். ஆனால் மைக் வைத்தவன் சும்மா நிற்க முடியாதே. "கேளுங்கம்மா" என்றேன்.

"கையில பிடி இல்லாதவங்களுக்கு எந்தக் கத்தி சார் தோதா இருக்கும்?"

"பிடின்னா... எந்த மாதிரிங்கம்மா?"

"கத்தி கையில இருக்கா, நழுவிடுச்சான்னு கண்ணு பார்த்தாத்தான் தெரியும். கைக்குத் தெரியாது."

"பர்ஸை எடுக்கிறப்ப எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆயிடும்!" என்றாள் பையோடு நின்ற ஓர் அம்மாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். என் வாய் என்னைக் கேட்காமலே, "இதோ பாருங்க, ரப்பர் கைப்பிடி, ஈரக் கையிலயும் வழுக்காது" என்று தொடங்கிவிட்டது.

"அது வீட்ல இருக்கு சார். எங்க வீட்டுக்காரர் கொண்டாந்து வெச்சாரு. பாவம், எதுக்குன்னு சொல்லலை. நானும் கேக்கலை."

"அப்போ... பல்லு வெச்சது..."

"அதுலதான் சார் இத்தனை நாளா ஓட்டிக்கிட்டிருந்தேன். இன்னைக்குக் காலையில அதுவும் விழுந்துடுச்சு. பக்கத்துல நின்ன பொண்ணு கால் மேல விழுந்திருக்கணும். ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்துச்சு."

வெள்ளரிக்காய்ப் பெரியவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "டாக்டர்கிட்ட போனியாம்மா?"

"போனேன்யா. கழுத்துல நரம்பு நசுங்கியிருக்காம். போனது திரும்பாதாம். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கோன்னாரு."

"வீட்ல சொல்லிட்டியா?"

"இப்பத்தான்யா சொல்றேன்."

பெரியவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கு என்ன வியாதி என்பதை, சட்டை வாங்க வந்த முப்பது நாற்பது பேரோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன். கையில் மீன் கத்தி வளைந்த மேனிக்கே இருந்தது.

மேனேஜர் தூணோரம் வந்து நின்று, எதையாவது தள்ளிவிடு என்று கையால் ஜாடை காட்டினார்.

"அம்மா" என்றேன். "அப்படி ஒரு கத்தி இல்லைங்க." மைக் அதைத் தளம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இவ்வளவு அடுக்கி வெச்சிருக்கீங்களே."

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்குங்க. இதுக்கு மட்டும் இல்ல."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்."

பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். பெரியதிலிருந்து சின்னது வரை ஒவ்வொன்றாக எடுத்தேன், மேசைக்குக் கீழே இருந்த பெட்டிகளைத் திறந்தேன், எனக்கே பெயர் தெரியாத ஒன்றைக்கூட வெளியில் எடுத்து வைத்தேன். கூட்டம் மெல்லக் கலைந்தது. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

"எங்கய்யா போற?" என்றார் மேனேஜர்.

"இவங்க எங்க வீட்டுக்காரம்மா சார்."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? நம்ம ஸ்டாஃப் தள்ளுபடி இருக்கே, போட்டுக் கொடு!" என்றார். நல்ல மனுஷன்தான், அவரைச் சொல்லி என்ன.

வேலைக்காரர்கள் ஏறி இறங்குகிற பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். அவள் துணிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே மேசைக்கு வரலைன்னு சூப்பர்வைசரம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். "காய் கழுவுற தொட்டிக்குப் போன்னாங்க. அந்தப் பொண்ணு இருக்காளே, காலைத் தடவிப் பார்த்துக்கிட்டே, 'ஒண்ணும் ஆகலக்கா, ஒண்ணும் ஆகலக்கா'ன்னு என்னைச் சமாதானப்படுத்துறா. அதுக்கு மேல எப்படி நிக்கிறது அந்த மேசையில?"

"அதான் சொல்லிட்டு வந்துட்டியே. அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து கத்தி கேட்ட?"

"இருந்தாலும் இருக்குமேன்னுதான். உங்க தொழிலாச்சே."

கேலியாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை நம்பிக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.  தொட்டியில் தண்ணீர் சில்லென்று இருக்குமே, கையுறை வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் கீழே சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, கையைப் பிடிச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"ம்."

இன்னும் இறுக்கினேன். என் விரல்தான் வலித்தது. "இப்ப?" என்றேன்.

அவள் மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தி எங்கள் கைகளைப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுது" என்றாள்.