அரைப்புள்ளி வெற்றிகள்

வெளிநாட்டார் கோ என்று சொல்லும், கருப்பு வெள்ளைக் காய்களால் பலகையில் இடம் பிடிக்கும் பாதுக் ஆட்டத்தில், தேகு நகரத்து ஆட்டக்கூடத்திலேயே தல்சுவைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்று பதினாறு வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தார் கியூசிக். பின்னே, தல்சு ஒரு காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லவா! எந்தக் காய் எங்கே விழுந்தது என்று எண் போட்டுத் தாளில் எழுதிவைப்பது கியூசிக்கின் வழக்கம். முன்னூற்றுப் பன்னிரண்டு தாள்கள் சேர்ந்திருந்தன. பாதிக்கு மேல் அவர் வென்றவை, எல்லாம் அரைப்புள்ளியில், அந்த ஆட்டத்தில் அதைவிடச் சின்ன வெற்றி கிடையாது.

அந்தத் தாள்களை மட்டும் ஊட்டினால் கணினி தல்சுவைப் போல ஆடுமா என்று பார்க்க ஆசைப்பட்டு ஒரு நிரல் எழுதினார். ஆடியது. தொடக்கமும் நடுவும் அசல் தல்சு. கடைசியில், ஜெயிக்கிற நேரத்தில், கைக்கெட்டிய மூலையை விட்டுவிட்டு உதவாத இடத்தில் காய் வைத்து அரைப்புள்ளியில் தோற்றது. திரும்பத் திரும்ப அதே கதை.

மூன்று நாள் நிரலில் பிழை தேடினார். பிழையே இல்லை. பிறகுதான் தான் வென்ற தாள்களை வரிசையாகப் பரப்பினார். தனித்தனியே பார்த்தால் தல்சுவின் கைத்தவறு. சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும், ஜெயிக்கிற நேரத்தில், அதே விட்டுக்கொடுப்பு. எங்கே என்று மட்டுமே தாளில் இருந்தது, ஏன் என்று இல்லை. கணினி, பாவம், பார்த்ததை அப்படியே செய்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்கூடத்தில் தல்சு பலகையோடு காத்திருந்தார்.

"என்ன தம்பி, முகத்துல ஈயாடல? கம்ப்யூட்டர்கிட்ட தோத்துட்டியா?"

"ஜெயிச்சேண்ணே. எப்பவும் போல அரைப்புள்ளியில."

தல்சுவின் சிரிப்பு நின்றது.

"நெஜமா நான் ஜெயிச்சது எத்தனைண்ணே?"

"மொத வருஷம் தோத்துத் தோத்து ஒரு மாசம் வராம இருந்தியே... மறுபடியும் வராம போயிடுவியோன்னுதான்டா."

"அதுக்காக நாலு பேர் முன்னாடி கைதட்டி, தோத்தவன்தான் வாங்கணும்னு நூடுல்ஸ் வாங்கிக் குடுத்து... பதினாறு வருஷம் என்னைக் கோமாளியாக்கிட்டீங்களே!" கருப்புக் காய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார் கியூசிக். "இன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம். விட்டுக்குடுக்காம ஆடுங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

ஆடினார்கள். எண்பதாவது காயிலேயே கியூசிக்கின் கருப்புக் கூட்டம் வசமாக மாட்டிக்கொண்டது. தல்சு இன்னும் ஒரு காய் வைத்தால் மொத்தமும் போகும். இதுதான் என் உண்மையான அளவு என்று அவருக்கு மூச்சு இலேசானது.

தல்சு கிண்ணத்தில் கைவிட்டார். இரண்டு வெள்ளைக் காய்களை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்பவர் அப்படித்தான் வைப்பார்.

"இப்பவுமாண்ணே?" என்றார் கியூசிக்.

அந்த ஆட்டத்தை அவர் தாளில் எழுதவில்லை.