கரி குடித்த தண்ணீர்

அளவிடும் கருவி 580 காட்டியது. முந்நூறுக்குள் வராவிட்டால் அண்ணியின் தையற்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆய்வாளர் வர ஒன்பது நாள்தான் இருந்தது.

கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அங்கே தைக்கும் ஆறு பெண்களும் அவளை அண்ணி என்றே அழைத்தார்கள். கூடம் நிலத்தடியில், ஜன்னல் இல்லாத அறை. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு அங்கே தேங்கியது. நிறமில்லை, மணமில்லை, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். தரையைத் துளைத்து, வாயுவை வெளியே இழுக்கும் குழாய் இறக்கக் கட்டட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. ஏசி மெக்கானிக்கான கொழுந்தன், காற்று வடிகட்டிகளில் போடும் கரியை ஒரு பீப்பாயில் நிரப்பி, விசிறி பொருத்தி, அறைக் காற்றை அதன் வழியே ஓட்டினான். முதல் இரண்டு நாள் 210. பிறகு ஏறத் தொடங்கி, இப்போது 580.

“கரிக்கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிட்டான் அண்ணி.”

“மட்டமான சரக்கு முதல் ரெண்டு நாள் மட்டும் எப்படி வேலை செஞ்சுது? பீப்பாயைத் தராசுல ஏத்துங்க தம்பி.”

துணி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். நாற்பது கிலோ இருந்தது நாற்பத்தாறு ஆகியிருந்தது.

“ரேடான் இவ்வளவு கனமா?” என்றாள் பொத்தான் தைக்கும் பெண்.

“அது இல்ல. தண்ணி,” என்றான் அவன், குரல் தணிந்து.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். மூலையில் நீராவி இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

“ரேடான் உக்கார வேண்டிய இடத்துல ஆவி துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கு. அப்படித்தானே?”

“அப்படித்தான். பெட்டியை நிறுத்திடலாமா?”

“கசங்கின சட்டையை யார் வாங்குவா? பெட்டி மேல எங்க படுக்கையறைக்குப் போகுது.”

“அண்ணன்?”

“புரிஞ்சுக்குவார். புரியலேன்னா ஹால்ல படுப்பார்.”

அன்றே ஈரக் கரியை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கி உலர்த்தினான். உள்ளே புதுக் கரி நிரப்பிய இன்னொரு பீப்பாய் ஓடியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினான்.

“கரி அதைத் தின்னுடாது அண்ணி. பிடிச்சு வெச்சுக்கும். நாலு நாளானா அதுல பாதி தானா அழிஞ்சிடும். மிச்சம் வெளியில காத்தோட போகட்டும்.”

தைத்த சட்டைகள் பதினேழு படி ஏறின. தேய்த்தபின் பதினேழு படி இறங்கின. முழங்கால் வலிக்கிறது என்று யாராவது முனகினால், அண்ணி அவள் கையிலிருந்த சட்டை மூட்டையையும் வாங்கிக்கொண்டு ஏறினாள். 410. 330. 260.

ஒன்பதாம் நாள் வந்த ஆய்வாளர் தன் கருவியை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து வந்து 235 என்று எழுதிக்கொண்டார். பிறகு சுற்றிப் பார்த்தார்.

“தையற்கூடம்ங்கறீங்க. இஸ்திரிப் பெட்டியைக் காணோமே?”

“படுக்கையறையில இருக்கு சார்.”

“அப்போ நீங்க எங்க தூங்குவீங்க?”

“பெட்டிக்குப் பக்கத்துல. அவர்தான் ஹால்ல,” என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.